மேற்கே பாதை இல்லை என்பவர்களுக்கு

சென்னையில் ஓட்டப் பயிற்சி பற்றிப் பேச்சு எழுந்தால் ஊரின் எல்லை தானாகச் சுருங்கிவிடுகிறது. மெரினா, பெசன்ட் நகர், ஐ.ஐ.டி. வளாகம், கிழக்குக் கடற்கரைச் சாலை, அவ்வளவுதான். அம்பத்தூர்க்காரரோ ஆவடிக்காரரோ "நான் எங்கே ஓடுவது?" என்று கேட்டால், ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் வண்டியை எடுத்துக்கொண்டு கடற்கரைக்கு வந்துவிடச் சொல்கிறார்கள். முடியாதென்றால் ஜிம்மில் டிரெட்மில். மேற்கே இருப்பது தொழிற்பேட்டை, லாரி, புழுதி, தெருநாய். அங்கே மனிதர் ஓட இடமேது என்கிற எண்ணம் கடலோரத்துக்காரர்களிடம் மட்டுமில்லை, மேற்கே மனை வாங்கி வீடு கட்டிக் குடிவந்தவர்களிடமும் வேரோடிவிட்டது. நகரத்தின் பெரிய மாரத்தானும் நேப்பியர் பாலத்தில் தொடங்கிக் கடலை ஒட்டியே போகிறது. பார்ப்பவருக்கு அதுவே நியாயம் என்று தோன்றிவிடுகிறது.

இந்த எண்ணம் தவறு. இருப்பதைக் கண்ணுக்குத் தெரியாமல் செய்து, கடைசியில் இல்லாமலே ஆக்கிவிடுகிற தவறு என்பதால் இதை விரிவாகவே மறுக்க வேண்டியிருக்கிறது.

மேற்கே இடமில்லை என்பவர்கள் பெரும்பாலும் மேற்கைச் சாலையிலிருந்து பார்த்தவர்கள். சி.டி.எச். சாலை எனப்படும் சென்னை-திருவள்ளூர் நெடுஞ்சாலையிலும் பூந்தமல்லி நெடுஞ்சாலையிலும் சிக்னலுக்குச் சிக்னல் நின்று போனவர்களுக்கு இந்தப் பக்கம் முழுக்க ஷட்டர் போட்ட கடையும் கன்டெய்னர் லாரியுமாகத்தான் தெரியும். 1961-இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது. 1964-இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்தது. அவற்றைச் சுற்றி ஊர் வளர்ந்தது உண்மை. ஆனால் அந்தத் தொழிற்சாலைகளுக்கு இடையிலும் பின்னாலும் அவற்றுக்கு எத்தனையோ நூற்றாண்டு முந்தைய ஒரு நிலம் இன்னும் இருக்கிறது. அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, அயப்பாக்கம் ஏரி, ஆவடி பருத்திப்பட்டு ஏரி, திருநின்றவூர் ஏரி, பூந்தமல்லிக்கு அந்தப் பக்கம் நேமம் ஏரி, அதற்கும் தெற்கே கடல்போல் கிடக்கும் செம்பரம்பாக்கம். ஒவ்வொன்றுக்கும் கரை உண்டு, மதகு உண்டு, கலங்கல் உண்டு, வரத்துக் கால்வாயும் போக்குக் கால்வாயும் உண்டு. கரைமேல் பாதையும் உண்டு. அந்தப் பாதை நேற்று யாரோ நடைப்பயிற்சிக்காகப் போட்டதில்லை. அடைமழை இரவில் கரை கசிகிறதா என்று பார்க்க, ஏரி நீரைக் காத்துப் பங்கிடும் ஊர் நீர்க்கட்டி நடந்த பாதை அது. ஆடு மாடு போன பாதை, அடுத்த ஊருக்குப் பெண் கொடுத்தவர்கள் சீர் தூக்கிப்போன பாதை.

"எல்லாம் சமதளம், ஏற்ற இறக்கமே இல்லை, அங்கே ஓடி என்ன பயன்" என்று கொஞ்சம் பயிற்சி எடுத்தவர்கள் சொல்வதுண்டு. இதற்கு ஏரிகளே பதில். சரிவு இல்லாத நிலத்தில் ஏரி நிற்காது. அம்பத்தூர் ஏரி நிரம்பினால் நீர் கொரட்டூருக்குப் போகிறது, கொரட்டூர் நிரம்பினால் இரட்டை ஏரிக்குப் போகிறது. மோட்டார் வைத்து யாரும் இறைக்கவில்லை. மேற்கிலிருந்து கிழக்கே மெல்ல இறங்கிவரும் இந்த நிலத்தின் சாய்வைக் கண்டுபிடித்துத்தான் நம் முன்னோர் ஒன்றின் மிகையை இன்னொன்று வாங்கிக்கொள்ளும்படி கரை போட்டார்கள். காரில் போகிறவருக்கு அந்தச் சாய்வு தெரியாது. வேப்பம்பட்டிலிருந்து கிழக்கே ஓடிவிட்டு அதே தூரத்தை மேற்கே திரும்பி ஓடுகிறவருக்கு ஓரளவு தெரியும். கரையடியிலிருந்து கரைமேலும் மறுபடி கீழுமாகப் பத்து முறை ஏறி இறங்கியவருக்கு மிக நன்றாகவே தெரியும்.

அதைவிட முக்கியமான ஒன்று. இங்கே ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறார்கள். ஓட்டம் என்றால் விலையுயர்ந்த ஷூவும் கைக்கடிகாரமும் என்று நினைப்பவர்களின் கணக்கில் அவர்கள் வருவதில்லை. ஆவடி தமிழ்நாடு சிறப்புக் காவல் படைப் பிரிவுகள் இருக்கும் ஊர், ராணுவத் தொழிற்சாலைகளின் ஊர், சி.ஆர்.பி.எஃப். முகாமும் இங்கே உண்டு. சீருடையைப் பார்த்தே வளர்ந்த பிள்ளைகள் இந்தப் பகுதியில் ஏராளம். தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வில் இரண்டாம் நிலைக் காவலராக வேண்டுமென்றால் ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓடி முடிக்க வேண்டும். பெண்களுக்கு 400 மீட்டர், 2 நிமிடம் 30 விநாடி. அக்னிவீர் தேர்வில் 1.6 கிலோமீட்டரை 5 நிமிடம் 30 விநாடிக்குள் முடித்தவருக்கே முழு மதிப்பெண். இந்த விநாடிகள் ஒரு குடும்பத்தின் அடுத்த முப்பது வருடச் சோற்றைத் தீர்மானிக்கின்றன. பட்டாபிராமிலும் திருநின்றவூரிலும் வெள்ளானூரிலும் விடிவதற்குள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு ஓடுகிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். இவர்களிடம் போய் மேற்கில் ஓட இடமில்லை என்று சொல்லிப் பாருங்கள். "அப்போ நாங்க தினம் எங்கண்ணா ஓடறோம்?" என்று கேட்பார்கள்.

வெளிவட்டச் சாலையைத் தாண்டினால் நிலம் இன்னும் விரிகிறது. வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை 62 கிலோமீட்டர் நீளும் அந்தச் சாலை நசரத்பேட்டையிலும் நெமிலிச்சேரியிலும் நம் பகுதியைக் குறுக்கே வெட்டுகிறது. அதற்கு மேற்கே கிராமம். கார் வேண்டியதில்லை, இதைக் கடற்கரைக்கு வரச் சொல்பவர்கள் கவனிக்க வேண்டும். விடியற்காலை மின்சார ரயிலில் ஏறினால் ஆவடி, இந்து கல்லூரி, பட்டாபிராம், நெமிலிச்சேரி, திருநின்றவூர், வேப்பம்பட்டு, செவ்வாப்பேட்டை ரோடு, புட்லூர் என்று எங்கே வேண்டுமானாலும் இறங்கலாம். ரயிலடியிலிருந்து கொஞ்ச தூரம் மனைப் பிரிவுகளும் அவற்றின் வண்ணக் கொடிகளும் வரும். அதன்பின் நெல் வயல், பனை வரிசை, மல்லிகைத் தோட்டம், செங்கல் சூளை, புளிய மரம் கவிந்த ஊர்ச் சாலை. திருநின்றவூரிலிருந்து வடக்கே பாக்கம் வழியாகப் போனால் தாமரைப்பாக்கம் வரும். அங்கே கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே அணைக்கட்டு இருக்கிறது. பூந்தமல்லிப் பக்கத்தில் பூண்டி நீரைச் செம்பரம்பாக்கத்துக்குக் கொண்டுவரும் இணைப்புக் கால்வாயின் கரை இருக்கிறது. கூவம்கூட இங்கே வேறு ஆறு. கொசஸ்தலையிலிருந்து கேசவரம் அணைக்கட்டில் பிரிந்து வரும் அந்த ஆற்றைச் சிந்தாதிரிப்பேட்டைப் பாலத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்தவர்கள், ஒருமுறை திருவள்ளூர் மாவட்டத்துக் கிராமங்களில் அதன் மணல்கரையில் நின்று பார்க்க வேண்டும்.

காடும் குன்றும் இல்லையே என்பார்கள். பூண்டி நீர்த்தேக்கத்துக்கு அப்பால் அல்லிக்குழி மலை இருக்கிறது. செம்மண்ணும் உருண்டைக் கூழாங்கல்லுமான மேடுகள், முட்புதர்க் காடு, நடுவே குடியம் குகைகள். காப்புக்காடு என்பதால் வனத்துறையிடம் கேட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். போகிறவர் பகலில், கூட்டாகப் போவதே சரி. அதே வட்டாரத்தில் அத்திரம்பாக்கம் இருக்கிறது. 1863-இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் கற்கருவிகளைக் கண்டெடுத்த இடம். தொல்லியலாளர் சாந்தி பப்புவும் அவருடன் பணியாற்றியவர்களும் 2011-இல் வெளியிட்ட ஆய்வின்படி அங்குள்ள பழைய கருவிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டு. மனித உடல் நெடுந்தூர ஓட்டத்துக்காகவே தகவமைந்தது என்ற கருத்தை டென்னிஸ் பிராம்பிளும் டேனியல் லீபர்மேனும் 2004-இல் 'நேச்சர்' இதழில் முன்வைத்தார்கள். அதில் அறிஞர்களுக்கு இன்னும் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் இந்திய மண்ணில் மனித குலத்தின் கால்பட்ட மிகப் பழைய சான்றுகளில் ஒன்று ஆவடியிலிருந்து ஒரு காலைப் பொழுதில் போய்வரும் தூரத்தில் இருக்க, இந்த நிலம் கால்களுக்கு ஆகாதது என்று எந்த வாயால் சொல்கிறோம்?

நெடுநடையும் இந்த மண்ணுக்குப் புதிதில்லை. பூந்தமல்லியில் பிறந்த திருக்கச்சி நம்பிகள் தம் நந்தவனத்துப் பூவைத் தொடுத்து எடுத்துக்கொண்டு நாள்தோறும் காஞ்சி வரதரிடம் நடந்தார் என்பது வைணவ மரபு. அது நடந்த கதையா, பக்தியின் மிகையா என்று நான் ஆராயவில்லை. பூந்தமல்லிக்கும் காஞ்சிக்கும் நடுவே ஒரு மனிதர் தினமும் நடந்தார் என்று சொன்னால் தலைமுறை தலைமுறையாக யாரும் அதைத் தள்ளிவிடவில்லை. அப்படி நடக்க முடியும் என்று நம்பும்படியான பாதை அவர்கள் கண்முன் இருந்தது.

இனி மண்பாதை மீதான புகார். காலை மடக்கிவிடும், முட்டி போய்விடும், சீரான தளமே நல்லது என்கிறார்கள். கென்யாவின் இட்டன் ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; உலகின் மிகச் சிறந்த நெடுந்தூர ஓட்டக்காரர்கள் பலர் பயிற்சி எடுப்பது அங்கேதான். அவர்கள் ஓடும் பாதை செம்மண் பாதை. மாடும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் எதிரே வரும் பாதை. உயரத்தை நாம் இங்கே கொண்டுவர முடியாது. மண்ணுக்கு ஒரு குறையும் இல்லை. சீரற்ற தரையில் ஒவ்வொரு அடியும் கொஞ்சம் வேறு மாதிரி விழுவதால் ஒரே இடத்தில் ஒரே அழுத்தம் ஆயிரம் முறை விழுவதில்லை. கணுக்காலைச் சுற்றிய சிறு தசைகளுக்கும் வேலை கிடைக்கிறது. புதிதாக வருபவர் வேகத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும், வெளிச்சம் வந்தபின் ஓட வேண்டும், இவ்வளவே. முட்டி தேய்ந்துவிடும் என்ற பயமோ ஓட்டத்துக்கே எதிரான பொதுப் பயம். 2017-இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வில் இடுப்பு, முழங்கால் மூட்டுத் தேய்மானம் பொழுதுபோக்காக ஓடுபவர்களில் 3.5 விழுக்காடு; ஓடாமல் உட்கார்ந்தே இருப்பவர்களில் 10.2 விழுக்காடு. போட்டிக்காகக் கடுமையாக ஓடுபவர்களிடம் மட்டும் அது 13.3-ஆக உயர்ந்தது. நம்மில் யார் அந்தக் கடைசி வரிசையில் நிற்கிறோம்?

வெயிலைப் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. மே மாதம் மெரினாவிலும் அதே வெயில்தான்.

நாயும் இருட்டும் பெண்களின் பாதுகாப்பும் அப்படி ஒரு வரியில் கடந்துபோகக்கூடியவை இல்லை. இந்தப் பகுதிப் பெண்கள் கரையில் ஓடத் தயங்குவதற்குக் காரணம் இருக்கிறது. கரையேறும் இடத்தில் விளக்கு இல்லை, மதகடியில் குடிக்கிறவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், அவசரத்துக்கு ஒதுங்க ஓரிடம் இல்லை. காவலர் தேர்வுக்குத் தயாராகும் பெண், வீட்டில் அண்ணனோ அப்பாவோ உடன் வந்தால்தான் ஓட முடிகிறது. வராத நாளில் ஓட்டமும் இல்லை. என் மறுப்பு அவள் பயத்தின் மீது இல்லை. அந்தப் பயத்தைக் காரணம் காட்டி, "அதனால்தான் சொல்கிறோம், அங்கே இடமில்லை" என்று முடிப்பவர்கள் மீதுதான். தெருவில் சங்கிலி பறிப்பு நடந்தால் தெருவை மூடுவதில்லை, ரோந்து கேட்கிறோம். 2022 முதல் ஆவடிக்கென்றே தனிக் காவல் ஆணையரகம் இருக்கிறது. காலை ஐந்திலிருந்து ஏழு வரை முக்கியமான ஏரிக்கரைகளில் ஒரு ரோந்து வண்டி, கரையடி வரை தெருவிளக்கு, ஒரு கழிப்பறை, நாய்களுக்கு முறையான கருத்தடையும் தடுப்பூசியும். இவற்றைக் கேட்பதற்கே முதலில் அங்கே ஒரு பாதை இருக்கிறது என்று ஒப்புக்கொண்டாக வேண்டும். இல்லாத பாதைக்கு யார் விளக்குப் போடுவார்?

இந்த இடத்தில் நல்லெண்ணத்தோடு வரும் இன்னொரு கூட்டத்தையும் மறுக்க வேண்டும். "சரி, கரை இருக்கிறது. அதை மேம்படுத்துவோம்" என்பார்கள். மேம்பாடு என்றால் பேவர் பிளாக், இரும்பு வேலி, செயற்கை நீரூற்று, படம் எடுக்க ஒரு வளைவு. 2019-இல் பருத்திப்பட்டு ஏரி சீரமைக்கப்பட்டுப் பசுமைப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. ஏரியைச் சுற்றிச் சுமார் 3 கிலோமீட்டர் நடைபாதை. அங்கே மாலையில் கூடுகிற முதியவர்களையும் குழந்தைகளையும் பார்த்தால் அந்தச் செலவு வீண் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், நானும் சொல்லவில்லை. ஆகாயத்தாமரையும் கழிவுநீருமாகக் கிடந்து செத்துப்போவதைவிட அது ஆயிரம் மடங்கு மேல். ஆனால் அதையே எல்லா ஏரிக்குமான அச்சாக எடுத்துக்கொண்டால் நாம் பெறுவது தனித்தனி வட்டங்கள். வேலிக்குள் சுற்றி வரலாம். அடுத்த ஏரிக்குப் போக முடியாது. ஏரிகளின் அருமையே ஒன்றோடொன்று கோத்துக்கொண்டிருப்பதில் இருக்கிறது. கால்வாய்க் கரை வழியே நீர் போன திசையில் மனிதரும் போகலாம் என்பதுதான் இந்த நிலம் தரும் ஓட்டப் பாதை. கரைமேல் மண் இருக்கட்டும். பனை இருக்கட்டும், வேம்பு இருக்கட்டும், சீமைக் கருவேலத்தை மட்டும் வெட்டினால் போதும். செலவழிக்கப் பணம் இருந்தால் ஏரிக்குள் விழும் கழிவுநீரைத் தடுக்கச் செலவழிக்கட்டும். கொரட்டூர் ஏரியில் கழிவுநீர் கலப்பதை எதிர்த்துத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது அந்த ஊர் மக்கள். நீரின் நிறம் மாறியதையும் நுரை பொங்கியதையும் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தவர் பார்த்திருக்க முடியாது. கரையில் தினமும் நடக்கிறவர்கள் இருக்கும் ஏரிக்குக் கண் இருக்கிறது. குப்பை லாரி இரவில் தேடிப் போவது ஆள் நடமாட்டமற்ற கரையைத்தான்.

கரையில் யாரும் கால்வைக்கக் கூடாத நாட்களும் உண்டு. அதையும் சொல்லிவிட வேண்டும். செம்பரம்பாக்கத்தின் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி, முழு உயரம் 24 அடி. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு அந்த எண்களைச் சென்னையில் அறியாதவர் குறைவு. வடகிழக்குப் பருவமழையில் நீர்வளத் துறை கரையை அடைத்தால் அதற்குக் கட்டுப்படுவதுதான் முறை. மூடுவதற்கு ஒரு காலம் இருப்பதுபோலத் திறந்து விடுவதற்கும் ஒரு காலம் எழுதி வைக்கப்பட வேண்டும் என்பது மட்டும்தான் கோரிக்கை.

இங்கிலாந்தின் கிராமப்புற ஓட்டப் பாதைகளைப் படத்தில் பார்த்து ஏங்குகிறவர்கள் நம்மிடையே உண்டு. புல்வெளி, மேடு, காட்டு விளிம்பு, வேலி தாண்டப் படிக்கட்டு. அந்த அழகில் பாதி சட்டத்தால் வந்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்துச் சுமார் 2,25,000 கிலோமீட்டர் பொதுவழிகள் வரைபடத்தில் பதிவாகியிருக்கின்றன. தனியார் வயல் நடுவே போனாலும் அதை அடைக்க உரிமையாளருக்கு அதிகாரமில்லை. உழுது விதைத்தால் பாதையைத் திரும்ப விட்டுத்தர வேண்டும். அந்த உரிமையும் சும்மா வரவில்லை. 1932-இல் கிண்டர் ஸ்கவுட் குன்றில் ஆலைத் தொழிலாளர்கள் தடையை மீறிக் கூட்டமாக ஏறினார்கள். சிலர் சிறை சென்றார்கள்.

நம்மிடம் வரைபடம் இல்லை என்று நினைக்க வேண்டாம். ஒவ்வொரு வருவாய்க் கிராமத்துக்கும் கிராம வரைபடம் இருக்கிறது, புலப்படம் இருக்கிறது, 'அ' பதிவேடு இருக்கிறது. ஏரிப் புறம்போக்கு, கால்வாய்ப் புறம்போக்கு, வண்டிப்பாதை என்று சர்வே எண்ணோடு அவற்றில் எழுதப்பட்டிருக்கிறது. ஏரிகளைக் காக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007-இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. மனைப் பிரிவு போடுகிறவர் வண்டிப்பாதையைத் தன் மதிலுக்குள் இழுத்துக்கொள்ளும்போது, கால்வாய்க் கரையில் கேட் போட்டு 'தனியார் வழி' என்று பலகை தொங்கவிடும்போது, அது பொதுவழி என்று சொல்ல அங்கே ஆள் இருப்பதில்லை. ஏனென்றால் அங்கே நடக்கவோ ஓடவோ யாருக்கும் இடமில்லை என்று நாமே ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறோம். மேற்கே பாதை இல்லை என்ற பேச்சால் ஆதாயம் அடைகிறவர் அந்த மதில் கட்டுகிறவர் ஒருவர்தான்.

காலமும் அதிகம் இல்லை. கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லிக்கு 26.1 கிலோமீட்டர் மெட்ரோ பாதை, குத்தம்பாக்கத்தில் பேருந்து முனையம், எண்ணூரிலிருந்து மாமல்லபுரம் வரை 130 கிலோமீட்டருக்கு மேல் நீளும் புறவட்டச் சாலை. எல்லாம் தேவைதான், அவை வர வர நிலத்தின் விலை ஏறும், ஏற ஏற அளக்கப்படாத பாதைகள் மறையும். கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. அதில் ஒன்று மார்ச் 22, உலகத் தண்ணீர் தினம். நேமம், குத்தம்பாக்கம், பாக்கம், வேப்பம்பட்டு என்று இந்தப் பக்கத்து ஊராட்சிகளில் ஓடுகிறவர்கள் அன்று போய் உட்கார்ந்து, நம் ஊர் ஏரிக்கரையையும் வண்டிப்பாதையையும் அளந்து கல் நட வேண்டும் என்று தீர்மானம் கேட்கலாம். ஆவடியிலும் பூந்தமல்லியிலும் வார்டு உறுப்பினரிடம் மனுவாகக் கொடுக்கலாம். கிராம வரைபடத்தின் நகலைக் கையில் எடுத்துப் போங்கள். சர்வே எண்ணைச் சொல்லிக் கேட்டால் பதில் சொல்லியே ஆக வேண்டும்.